ஒரு வாரத்துக்கு மட்டும்

1
இந்தக் கதை ஒரு தாளில் தொடங்கியது. என் தங்கையின் ரத்தப் பரிசோதனைத் தாள். அவளுக்கு ஏழாம் மாதம், கூடவே ரத்தக்கொதிப்பு. நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் இரண்டு புரதங்களை அளந்து, வலிப்புவரை போகும் சிக்கல் வருமா என்று முன்னாலேயே கணிக்கிறார்களாம். வீட்டில் எழுத்துக்கூட்டாமல் படிப்பவன் நான் ஒருவன். தாள் என்னிடம் வந்தது.

("விடியலின் செம்மைபோல அந்தக் குழாயில்..." என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். கல் சுமக்கும் எங்கள் வீட்டில் ரத்தம் ரத்தமாகத்தான் இருந்தது.)

2
தங்கை கட்டட வேலையில் கலவைச் சட்டி தூக்குபவள். போனில் கேட்டாள்.

"என்னண்ணே போட்டிருக்கு? சுருக்கமா சொல்லு, மேஸ்திரி கத்துறாரு."

"கணக்கு கம்மியாத்தான் இருக்கு. பயமில்ல."

"அப்ப சட்டி தூக்கலாம்ல?"

"மெதுவா தூக்கு."

"மெதுவா தூக்கினா கனம் கொறையுமா? கதை எழுதுறவன் பேச்சப் பாரு!"

சிரித்துவிட்டு வைத்தாள்.

3
இன்று அதைக் கதையாக்க உட்கார்ந்தேன். தாளில் இருந்ததை அப்படியே எடுத்தெழுதினேன்: "அடுத்த ஒரு வாரத்துக்குள் சிக்கல் வர வாய்ப்பு குறைவு. ஒரு வாரம் கழித்து மறுபடி பரிசோதிக்கவும்."

அன்று போனில் இதைத்தான் "பயமில்ல" என்று ஒற்றைச் சொல்லாகச் சுருக்கியிருக்கிறேன். இருபது வருடமாக மிகையை வெட்டிப் பழகிய கை. வாய்க்கும் தொற்றிவிட்டது.

ரத்தம் எடுத்து இன்று பதினோராம் நாள்.

(பழியைச் சுமக்க ஒரு கெட்ட மருத்துவரை நுழைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. அந்த டாக்டரம்மா தெளிவாகத்தான் எழுதியிருந்தார்.)

4
தங்கை போனை எடுக்கவில்லை. அவள் புருஷனைப் பிடித்தேன்.

"காலைல தலவலின்னா மச்சான். கண்ணுக்குள்ள பூச்சி பறக்குதாம். வெயிலுன்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டா."

"ஏன் மாப்ள விட்டீங்க? கொதிப்பு ஏறினாத்தான் அப்படி வரும்."

"நீங்கதானே பயமில்லன்னீங்க?"

5
இது பேருந்தில், அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதுவது.

ஒரு முடிவு: மறுபடி ரத்தம் எடுத்து, அவளை ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைக்கிறார்கள். "வேலை போச்சுண்ணே" என்று திட்டுகிறாள்.

இன்னொரு முடிவு: மூன்றாம் மாடிச் சாரத்தில் ஏறும்போது அவளுக்கு...

மாட்டேன்.

கட்டடம் தெரிகிறது. சாரத்தில் வரிசையாகச் சேலைகள், எது அவளென்று இங்கிருந்து தெரியவில்லை. நான் இறங்க வேண்டும், தாளும் மருத்துவரிடம் போக வேண்டும். மீதியை நீங்கள் எழுதுங்கள். எப்படியும் எழுதுங்கள், ஆனால் முதல் வரியிலேயே அவள் தலையிலிருந்து அந்தச் சட்டியை இறக்கிவிடுங்கள்.