டோக்கன்மேல் நின்ற கடன்

தவணைக்குப் பொருள் வாங்க வருகிறவனிடம் பக்தவத்சலம் பெயர் கேட்பதில்லை. டோக்கனைக் கேட்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தப் பட்டறையில் நிரந்தரமானாலும் ஒரு பித்தளை வில்லை கிடைக்கும். ஒரு பக்கம் கம்பெனி முத்திரை, மறுபக்கம் எண். பக்தவத்சலம் அதன்மேல் ஒரு துண்டுத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார். எண் கறுப்பாக எழும்பி வரும். அந்தத் தாளைக் கணக்கில் ஒட்டிவிட்டால் முடிந்தது. அதற்குமேல் அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை.

"ஒரு கம்பெனியில நாலு கோவிந்தன் இருப்பான், அஞ்சு மதுரைவீரன் இருப்பான். ரெண்டு எரநூத்தி எழுபத்தி நாலு இருப்பானா?" என்பார்.

எழுபத்திரண்டாம் ஆண்டு மே மாதத்தில் கன்னியப்பன் தன் மனைவி சாமுண்டீஸ்வரியோடு அந்தக் கடைக்குப் போனான். டோக்கன் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தையல் மிஷின் வேண்டும். பூந்தமல்லியில் நிஜாமுதீன் என்பவர் பள்ளிக்கூடச் சீருடைகளை மொத்தமாக எடுத்து, வெட்டிய துணியை வீடுகளுக்குக் கொடுத்துத் தைத்து வாங்கிக்கொண்டிருந்தார். "மிஷின் இருந்தா சொல்லும்மா, அடுத்த வாரமே துணி தர்றேன். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள முடிச்சாகணும்" என்று அவர் சாமுண்டியிடம் சொல்லியிருந்தார். அந்தப் பருவம் தவறினால் மறுபடி அடுத்த வருஷம்தான் பெரிய வேலை.

கடையில் சாமுண்டி ஒரு மிஷினைத் தேர்ந்தெடுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு மிதிப்பலகையில் காலை வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்தவத்சலம் பென்சிலால் தேய்த்தார். கணக்கைப் புரட்டினார். நிறுத்தினார்.

"ஏம்ப்பா, பழைய சீலிங் பேன் பாக்கி அப்படியே நிக்குது. புது மிஷின் கேக்குதா?"

"இன்னா பேனு மொதலாளி? எங்க ஊட்ல கரண்டே கெடியாது."

"கரண்ட் இல்லாதவன்தான் என் கணக்கில பாதி. பொண்ணுக்குச் சீர் வைக்க வாங்குவான், மூணு தவணை கட்டுவான், அப்புறம் இன்னா பேனும்பான்."

"நான் இப்பத்தான் பர்மனென்ட் ஆனேன். இதுக்கு முன்ன உங்க கடைப் படியே ஏறினது இல்ல."

"ஆள் ஆயிரம் சொல்லலாம். நம்பர் பொய் சொல்லுமா?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். சாமுண்டி பலகையிலிருந்து காலை எடுத்துச் செருப்பை மாட்டிக்கொண்டாள். பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அங்கே வந்ததும் கேட்டாள்:

"நெசமா சொல்லு. வேற எங்கனா ஊடு வெச்சிகினு, அங்க பேனு மாட்டிக் குடுத்துகீறியா?"

"அடச் சீ. எனக்கு ஒரு ஊட்டுக்கே வாடகை குடுக்க முடியல."

"அதுவும் சரிதான்" என்றாள். ஆனால் முழுதாக நம்பிய முகம் இல்லை.

சம்பள நாளன்று விஷயம் பட்டறை முழுக்கப் பரவியது. பக்தவத்சலத்தின் வசூல்காரன் துலுக்கானம், சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு வாசலில் நின்று எண்களைக் கூவுவான். ஊருக்குப் புதியவன், அவனுக்கும் எண்கள்தான் தெரியும்.

"எரநூத்தி எழுபத்தி நாலு! பேனு பாக்கி!"

வெளியே வந்தவர்களெல்லாம் கன்னியப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னா மாமே, ஊட்ல காத்து பிச்சிக்கினு அடிக்குதாமே!" என்றான் ஒருவன். "சொல்லவேல்ல பார்த்தியா, நாங்கெல்லாம் வந்து படுத்துக்குவோம்னு பயம்" என்றான் இன்னொருவன். கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான்.

மறுநாள் அவன், ஆட்களின் வருகைக் கணக்கு வைக்கும் டைம் ஆபீஸ் கிளார்க் பார்த்தசாரதியைப் பார்த்தான். நடந்தது அவருக்கு உடனே புரிந்தது. ஒரு ஆள் நின்றுபோனால் அவனுடைய டோக்கன் திரும்பி வரும். அதைப் புளி போட்டுத் துலக்கி அடுத்த ஆளுக்குக் கொடுப்பார்கள். பித்தளை மலிவில்லை.

"உனக்கு முன்னாடி அது வரதன்கிட்ட இருந்தது. தகடு அழுத்தற பிரஸ்ஸுல ரெண்டு விரல் போச்சு. கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. பருத்திப்பட்டு ஆளு."

"அதை ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தீங்கன்னா…"

"அதுமட்டும் கேட்காதே. வெளிக்கடன்ல கம்பெனி தலையிடாது. உனக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு எஸ்டேட்ல இருக்கிற கடைக்காரன் பூரா என் ஜன்னல்ல நிப்பான்."

டோக்கன் கைமாறிய கதையைக் கடையில் போய்ச் சொன்னபோது பக்தவத்சலத்தின் பதிலும் சுருக்கமாகவே இருந்தது. "வேற ஆளுன்னா, அந்த ஆளைக் கொண்டாந்து நிறுத்து. இல்லேன்னா பாக்கியைக் கட்டு. ரெண்டுல ஒண்ணு ஆச்சுன்னா மிஷினை எடுத்துகினு போ."

ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பன் பருத்திப்பட்டுக்குப் போனான். ஏரியில் தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் கிடந்தது. சூளைக்குப் பக்கத்தில் வரதனின் வீட்டைக் காட்டினார்கள். வரதன் இப்போது அந்தச் செங்கல் சூளையில் காவல். ஐம்பதை நெருங்கும் ஆள். வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. அவன் மனைவி வேம்புலியம்மாள் வாசலில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கூரையில் மின்சாரக் கம்பி எதுவும் இறங்கவில்லை.

கன்னியப்பன் தன்னை யாரென்று சொன்னதும் வரதனின் முகம் மலர்ந்தது.

"நீதானா! எந்தப் பிரஸ்ஸுல போட்டுக்கீறாங்க? ஓரத்துல கீதே, அதுவா? அது மிதிக்காமலே எறங்கும் நைனா, கைய பார்த்து வையி. ஏய், தம்பிக்குத் தண்ணி குடு."

தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் அவனே கேட்டான்: "பேனு தவணை எவ்ளோ கட்டிக்கீறே? இன்னும் நெறைய கீதா?"

கன்னியப்பனுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே, எதிரில் இருப்பவன் கேலி செய்யவில்லை என்பதும் தெரிந்தது.

"நான் ஏன் அண்ணாத்தே கட்டணும்? பேனு வாங்கினது நீ."

"வாங்கினது நான்தான். டோக்கனைத் திருப்பிக் குடுத்துட்டேனே. எடத்துக்கு வர்றவன் பாக்கியையும் ஏத்துகினுதானே வருவான்?"

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? எங்கப்பன் படியாளா நின்ன பண்ணையில, அவனுக்கு முன்ன நின்னவன் செத்துப்பூட்டான். அவன் வாங்கின நெல்லு, கல்யாணக் கடன் எல்லாம் எங்கப்பன் தலையிலதான் வந்துச்சு. அதை ஒத்துகினாத்தான் எடம். அவன் போனப்புறம் எங்கண்ணன் தலையில. உங்க பக்கம் எப்படி?"

முத்தாபுதுப்பேட்டையில் கன்னியப்பனின் அப்பாவும் படியாள்தான். தன் வாழ்நாளில் பார்த்தேயிராத ஒருவன் வாங்கிய கடனுக்கு அவர் ஒவ்வொரு அறுவடையிலும் நெல்லைக் குறைத்து வாங்கிக்கொண்டு வந்தார். அது அநியாயம் என்று வீட்டில் யாரும் பேசியதாக நினைவில்லை. மழை பெய்யாததைப் போல அதுவும் ஒன்று. வரதன் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே சட்டத்தைச் சொல்கிறான்.

"எங்க பக்கமும் அப்படித்தான்" என்றான் கன்னியப்பன். "ஆனா இது பண்ணை இல்ல அண்ணாத்தே. கம்பெனி எனக்கு எடத்தைத்தான் குடுத்துச்சு, உன் கடனைக் குடுக்கல. உன் பாக்கி நின்னுகினு இருந்தா எம் பொஞ்சாதிக்கு மிஷின் கெடைக்காது. ஸ்கூல் தொறக்கப்போவுது. நீ கடைக்கு வந்து, வாங்கினவன் நான்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

வரதன் மனைவியைப் பார்த்தான். வேம்புலியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"போய்ச் சொல்லட்டும். அப்பால அவன் பேனைக் கொண்டாம்பான். அது ஆவடி குவார்ட்டர்ஸ்ல மாப்ள ஊட்டுக் கூடத்துல சுத்திகினு கீது. அதை வெச்சுத்தான் கல்யாணத்தையே முடிச்சாங்க. எவனாவது போய் அங்க கைய வெச்சான், எம் பொண்ணு அடுத்த பஸ்ல பொட்டியோட இங்க வந்து நிப்பா."

வரதன் எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"என் பாக்கியை எவனோ ஒருத்தன் கட்டிகினு கீறான்னு நெனைச்சிகினு இருந்தேன். மூஞ்சியைப் பார்த்தப்புறம் எப்படி உட்டுட முடியும்? வா."

கடையில் நடந்ததை இருவரும் எதிர்பார்க்கவில்லை. பக்தவத்சலம் வரதனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டோக்கனை எடு" என்றார்.

"டோக்கன் இந்தத் தம்பிகிட்ட கீது மொதலாளி." கன்னியப்பன் அதை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அப்போ கடனும் அவன்கிட்டதான் இருக்கு. உன்னை யாருன்னு எனக்குத் தெரியாது. சாராயத்துக்குக் காசு குடுத்தா யார் வேணா வந்து நிப்பான்."

கடனை மறுத்தவனை அவர் நம்பவில்லை. ஒப்புக்கொள்ள வந்தவனையும் நம்பவில்லை. வரதன்தான் யோசித்து யோசித்துப் பேசினான்.

"மொதலாளி, நான் பேனு வாங்க வந்த அன்னிக்கி நீங்க கடையைத் தொறந்து கற்பூரம் ஏத்திகினு இருந்தீங்க. நான் தெரியாத்தனமா பேனு சுச்சைத் தட்டிட்டேன். கற்பூரம் அணைஞ்சுபோச்சு. மொதப் போணியே இப்படியான்னு என்னைக் கெட்ட வார்த்தையில திட்டினீங்க. தொலையட்டும், எடுத்துகினு ஓடிப்போன்னீங்க."

பக்தவத்சலம் பென்சிலைக் கீழே வைத்தார். இப்போதுதான் அவர் வரதனின் முகத்தை உண்மையாகப் பார்த்தார்.

"அந்தப் பாவி நீதானா? அன்னிக்கிப் பூரா ஒரு வியாபாரம் ஆகலைடா எனக்கு!"

"ஆமா மொதலாளி, நான்தான்" என்றான் வரதன், பரிசு வாங்க வந்தவனைப்போல.

துலுக்கானம் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனான். ஆனால் பக்தவத்சலம் வியாபாரி. அவருடைய முகம் சீக்கிரமே பழையபடி ஆனது.

"சரி, நீதான் வாங்கினே. இப்போ உனக்கு வேலை இல்லை, டோக்கன் இல்லை. உன் பேச்சை வெச்சிகினு நான் என்ன பண்றது? பேன் எங்கே?"

வரதன் தரையைப் பார்த்தான்.

பக்தவத்சலம் அவனை விட்டுவிட்டுக் கன்னியப்பன் பக்கம் திரும்பினார். குரல் கனிந்திருந்தது.

"நீ அவன் ஊட்டுக்குப் போய்ட்டு வந்தவன். பேன் எங்கே இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. இன்னிக்கே துலுக்கானம் மிஷினை வண்டியில ஏத்திகினு வந்து உன் ஊட்ல எறக்குவான். முன்பணம்கூட வேணாம், அடுத்த மாசம் குடு."

சாமுண்டி கால் வைத்துப் பார்த்த மிஷின் அதே இடத்தில்தான் நின்றது. யாரோ அதன்மேல் மூடியை வைத்து, மூடியின்மேல் ஒரு டீ டம்ளரையும் வைத்திருந்தார்கள். கன்னியப்பன் அதைப் பார்த்தான். வரதன் நிமிரவில்லை. சொல்லாதே என்று அவன் கண் காட்டியிருந்தால்கூட எளிதாக இருந்திருக்கும்.

"நான் பார்க்கல மொதலாளி."

"பார்க்கலையா, தெரியலையா?"

"பார்க்கல."

பக்தவத்சலம் தலையை ஆட்டிக்கொண்டார். கணக்கை எடுத்து, ஒட்டியிருந்த தாளின்மேல் குறுக்கே கோடு போட்டார். பக்கத்தில் 'வரதன், பருத்திப்பட்டு, செங்கல் சூளை' என்று எழுதினார். வாரக்கூலி நாளில் துலுக்கானம் சூளைக்கே வருவான் என்று வரதனிடம் சொன்னார். பிறகு டோக்கனைக் கன்னியப்பன் பக்கம் தள்ளினார்.

"உன் நம்பர் சுத்தமாச்சு. ஆனா என் பொருளை ஒளிக்கிறவனுக்கு இந்தக் கடையில பொருள் கெடையாது. வேற கடை பாரு."

வேறு கடைகளில் முன்பணம் இரட்டிப்பு என்பது மூவருக்குமே தெரியும்.

இருவரும் தெருவில் இறங்கினார்கள். வரதன், "உன் பொஞ்சாதி என்னைத் திட்டும். நீயும் கூடச் சேர்ந்து திட்டிடு நைனா. அப்பத்தான் சோறு கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு, பருத்திப்பட்டுப் பக்கம் போகிற பஸ்ஸை நோக்கி நடந்தான்.

சாமுண்டி திட்டத்தான் செய்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஊரான் பேனுக்காவ எம் மிஷினு போச்சா?" என்றாள். பக்தவத்சலத்தைத் திட்டினாள், வரதனைத் திட்டினாள், பிரஸ்ஸைக்கூடத் திட்டினாள். சோறு வைத்தாள், ஆனால் எதிரில் உட்காரவில்லை. படுக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆவடியில கீற அந்தப் பொண்ணு வாயும் வயிறுமா கீதா?"

"தெரியாது. நான் அவளைப் பார்க்கவே இல்ல."

"நீ எதைத்தான் பார்த்தே" என்றாள்.

மறுநாள் கன்னியப்பன் வேலை முடிந்து வந்தபோது வீட்டு மூலையில் ஒரு பெரிய துணி மூட்டை கிடந்தது. காலையிலேயே அவள் பூந்தமல்லிக்குப் போயிருக்கிறாள். மிஷின் இல்லை என்றதும் நிஜாமுதீன் உதட்டைப் பிதுக்கியிருக்கிறார். அவருடைய மனைவி நசீம் பானுதான் உள்ளிருந்து, "கைவேலை எடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டிருக்கிறாள். மற்றவர்கள் மிஷினில் தைத்த சட்டைகளில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் வைக்க வேண்டும். மிஷின் கூலியில் கால் பங்குகூட வராது. கண் மட்டும் போகும்.

"சட்டைக்கு ஆறு பட்டன். சும்மாதானே நிக்கிறே, உக்காரு" என்றாள்.

"எனக்கு இந்த வேலை தெரியாது சாமுண்டி."

"பேனு வாங்காமயே கடன்காரனா இருக்கத் தெரிஞ்சுதுல்ல? இதுவும் தெரியும், உக்காரு."

அவன் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவள் ஊசியில் நூலைக் கோத்து அவனிடம் கொடுத்துவிட்டு, ஒரு சட்டையை எடுத்து அவன் மடியில் போட்டாள். முதல் பொத்தான் கோணலாக வந்தது. அவள் வாங்கிப் பார்த்தாள், பல்லால் நூலைக் கடித்துப் பிரித்தாள், திரும்ப அவனிடமே நீட்டினாள்.