முதல் அடியில் ஒட்டிய மண்

கரிசலில் குழி வெட்ட மழைக்கு மறுநாள்தான் தோது. காய்ந்து கிடந்தால் கடப்பாரையைத் திருப்பி அடிக்கும். ஊறிக் கிடந்தால் மண்வெட்டியை விடாது. நடுவில் ஒரு பதம் உண்டு. அந்தப் பதம் பார்த்து, சங்கரபாண்டியன் புஞ்சையில் ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் சீவினதுபோல விட்டிருந்தேன். ரோஷினி அம்மா அப்படித்தான் கேட்டிருந்தார்.

அவர் மண்ணைப் பற்றிப் படித்தவர். வெளியூர் ஆட்களை வேனில் கூட்டி வந்து இந்தப் பக்கத்து மண்ணையும் வெள்ளாமையையும் காட்டுவார். பாளையம்பட்டி தாண்டிச் செம்மண் செவல், கண்மாய்க்குள் வண்டல், பந்தல்குடிப் பக்கம் கரிசல் என்று பொழுது போகும். குழி வெட்டுவது, கூடவே போய் மண் அள்ளிப் பைகளில் போடுவது, பைமேல் மண்ணின் பேரை எழுதுவது எல்லாம் என் வேலை. எனக்கு எழுத்து பிந்தி வந்தது. பையோ சின்னது, என் எழுத்தோ பெரிசு. ‘செவல்’ என்று எழுதினால் கடைசி எழுத்து மடிப்புக்குள் போய்விடும். அறுப்புக்கு மிஷின் வந்த பிறகு இந்த உடம்புக்குக் கிடைத்த வேலைகளில் இது பரவாயில்லை.

அன்றைக்குச் செவல்காட்டில் எல்லாரும் கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் என் பக்கம் வந்து நின்றது.

“அண்ணே, சோலைச்சாமிங்கிறது நீங்கதானா?”

“ஆமா தாயி.”

“நான் சுபத்ரா. விஜயபாண்டி மக. அப்பா உங்களப் பத்திச் சொல்வாரு.”

கையில் இருந்த மண்ணைக் கீழே போட்டுவிட்டேன். விஜயபாண்டி காட்டில் நான் எத்தனையோ வருஷம் பருத்திக்குக் களைவெட்டியவன். அவரும் சங்கரபாண்டியனும் அண்ணன் தம்பி மக்கள். இருவருக்கும் ஒரே குலசாமி, புஞ்சை ஓரத்தில் கல்லாக நிற்கிற இருளப்பசாமி. சாமிக்கு வடக்கே கிடந்த தன் பங்கை விஜயபாண்டி பங்காளிகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சோலார் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்குக் குடும்பத்தோடு போனார். அதிலிருந்து கோயிலுக்கு அவரிடம் வரி வாங்குவதில்லை. பொங்கலுக்குச் சொல்லி விடுவதும் இல்லை.

“அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சுண்ணே. ‘ஊருக்குத்தான் போக முடியல. ஒரு பிடிமண்ணாவது வந்துச்சுன்னா வீட்டோரத்துல கல்ல நட்டுக் கும்பிட்டுட்டுக் கண்ண மூடிருவேன்’னு அழுவுறாரு.”

ஊரைவிட்டுப் போனவர்கள் குலசாமி நிற்கிற இடத்தில் ஒரு பிடி மண் வாங்கிப் போவார்கள். பிழைக்கப் போன இடத்தில் அதைப் போட்டுக் கல் நடுவார்கள். மண்ணோடு சாமியும் போகும். ஆனால் பங்காளி கையால் கொடுக்க வேண்டும். புதுத்துணியில் முடிந்து தலையில் வைத்துக் கொண்டு போக வேண்டும்.

“நீங்க ஒரு பிடி அள்ளித் தர முடியாதாண்ணே?”

“ஏங்கிட்ட வாங்குனா அது வெறும் மண்ணு தாயி. அவுக கையாலதான் வாங்கணும்.”

“சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். பேரச் சொன்னதும் வச்சுட்டாரு. அதான் இந்த வேன்ல பேரு குடுத்து வாரேன்.”

“நேர்ல கேளு. மூஞ்சியப் பாத்து இல்லங்கிறது கஷ்டம்” என்றேன். சொன்னேனே தவிர, எனக்கே நம்பிக்கை இல்லை.

கண்மாயில் இறங்கி ஏறியபோது எல்லார் காலிலும் வண்டல். வேன் ஓட்டுகிற சபீர் வாசலை மறித்துக்கொண்டார்.

“கழுவாம ஒருத்தரும் ஏறக்கூடாது. போன தடவ நீங்க ஏத்தி விட்ட மண்ணுல நான் சீட்டுக்கு அடியில உளுந்தே விதைச்சிருக்கலாம்.”

“விதைக்க வேண்டியதான பாய்? வேனு நெழல்ல நல்லா வரும்” என்றேன்.

“வரும், வரும். களை வெட்ட உங்களத்தான் கூப்பிடணும்.”

கரிசலுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ராத்திரி மறுபடியும் தூறல் விழுந்திருந்ததால் மண் பசையாக இருந்தது. சங்கரபாண்டியன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சாமி எல்லையில் நின்றார். திருநீறு எடுத்துக் கொடுப்பவரும் அவரே. எல்லாரும் ரோட்டோரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சாமி எல்லைக்குள் கால் வைத்தார்கள். சாமியைச் சுற்றியுள்ள மண்ணில் கலப்பையே பட்டதில்லை. உழுத மண்ணையும் உழாத மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ரோஷினி அம்மா இந்த இடத்தைப் பிடித்திருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் அள்ளி ஆளுக்கொரு பையில் போட்டேன். சுபத்ரா பையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் வெகுநேரம் நின்றது.

பிறகு குழிக்குப் போனோம். ரோஷினி அம்மா உள்ளே இறங்கிச் சுவரைத் தட்டினார்.

“கோடையில இந்த மண்ணு வெடிக்கும். மேல கிடக்கிறது வெடிப்புக்குள்ள விழும். மழை பெஞ்சா ஊதி மூடிக்கிட்டு அடிமண்ண மேல தள்ளும். தன்னத்தானே உழுதுக்கிற மண்ணு இது.”

“அப்ப உங்களுக்கு வேலையே இல்லைங்களா அய்யா?” என்று கண்ணாடி போட்ட ஒருவர் சங்கரபாண்டியனைக் கேட்டார்.

“எங்க? களையும் அதுவே எடுத்து, பருத்தியும் அதுவே பெறக்கி, அருப்புக்கோட்டைக்கு லோடு அனுப்பிட்டு வரும். நான் வீட்டுல படுத்திருப்பேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு கண்ணாடிக்காரர் வடக்கே கையை நீட்டினார். கம்பிவேலிக்கு அப்பால் தகடுகள் வரிசை வரிசையாகக் கண்ணைக் கூச வைத்தன.

“அதுவும் உங்க நிலமா அய்யா?”

“எங்க நெலமாத்தான் இருந்துச்சு” என்றார். அதற்குமேல் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அந்த நேரத்தில் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் சுபத்ராவுக்கும் வேறு நேரம் ஏது? கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது.

“சித்தப்பா, நான் சுபத்ரா. அப்பா படுத்த படுக்கையா கெடக்காரு. உங்க கையால ஒரு பிடிமண்ணு குடுங்க.”

அவர் அதன் முகத்தையே பார்த்தார். “எங்கயோ பாத்த மூக்கா இருக்கேன்னு அப்பவே பாத்தேன்” என்றார் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. “மண்ண வித்தவனுக்கு மண்ணு எதுக்கு?”

“அவரு செஞ்சது தப்புதான் சித்தப்பா.”

“தப்பா? சாமிக்கு நேந்துவிட்ட கெடா மேஞ்ச எடம் அது. இன்னைக்கு ஒரு குட்டி உள்ள போக முடியுமா? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த என்னையக் கேட்டிருந்தான்னா, குறுக்க விழுந்து தடுத்திருப்பேன்ல? அதுக்குப் பயந்துதான கேக்கல?”

 அவர் குழிப் பக்கம் திரும்பினார்.

“அம்மா, தப்பா நெனைக்காதீக. அள்ளும்போது சும்மா நின்னேன், இப்பச் சொல்றேன். சாமி எல்லையில அள்ளுன மண்ணு ஒரு மணிகூட இங்கிருந்து தாண்டக்கூடாது. எல்லாத்தையும் கொட்டச் சொல்லுங்க.”

“உங்களக் கேட்டுட்டுத்தான் அள்ளியிருக்கணும்யா. மன்னிச்சிருங்க” என்று மேலே ஏறி வந்தார் ரோஷினி அம்மா.

ஒவ்வொருவராகப் பையைக் குழிக்குள் கவிழ்த்தார்கள். முதலில் கவிழ்த்தது சுபத்ராதான். பையை உதறி, மடித்து, என்னிடம் கொடுத்தது.

ரோட்டோரத்து அடிகுழாயில் நான் தண்ணீர் அடித்தேன். கரிசல் ஒவ்வொரு காலிலும் செங்கல் கனத்துக்கு அப்பியிருந்தது. சுரண்டிச் சுரண்டிக் கழுவிவிட்டு ஆட்கள் வேனில் ஏறினார்கள். சுபத்ரா மட்டும் தண்ணீருக்கு வராமல் தள்ளி நின்றது.

“யம்மா, கழுவிட்டு ஏறுங்க” என்றார் சபீர்.

“நான் கழுவல பாய்.”

“அப்ப வேனு என்னத்துக்கு ஆகும்?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வேன் படியில் விரித்தேன். “இதுல கால வச்சு உக்காரட்டும் பாய். வேனு அழுக்காகாது.”

பின்னாலேயே வந்த சங்கரபாண்டியன் துண்டைப் பார்த்தார். சுபத்ராவின் காலைப் பார்த்தார்.

“தலையில சுமக்க வேண்டியதக் கால்ல சுமந்துட்டுப் போவியா? கழுவு.”

“கழுவுனா இந்தச் சாக்கடைக்குத்தான போகும்? அதுக்கு மட்டும் சம்மதமா சித்தப்பா?”

அவர் குனிந்தார். கீழே கிடந்த குச்சி ஒன்றை எடுத்தார். குழாய்மேட்டில் குத்தவைத்தார்.

“காலத் தூக்கி இங்க வை.”

சுபத்ரா வைத்தது. அவர் சுரண்டத் தொடங்கினார். கரிசலில் நடந்து பழகினவனுக்குத் தெரியும், முதல் அடியில் ஒட்டிய மண்தான் பாதத்தோடு கிடக்கும். அடுத்தடுத்த அடிகளின் மண் அதன்மேல் ஏறிக்கொண்டே போகும். வெளியே இருந்தது குழிக்கரை மண். அது பொத்துப் பொத்தென்று சாக்கடையில் விழுந்தது. அவர் கை வேகம் குறைந்தது. பாதத்தோடு ஒட்டியிருந்த உள்வில்லையைக் குச்சி நெம்பியது. அது பெயர்ந்து விழப்போனபோது அவருடைய இடது கை தானாகப் போய் ஏந்திக்கொண்டது. சாமி பொருளைத் தரையில் விழவிடாத கை அது.

அப்படியே எழுந்து நின்றார். உள்ளங்கையில் மண்.

எங்கள் பக்கம் ஒருத்தர் முன்னால் மண்ணை எடுத்து வீசினால் அது சாபம். அதுவும் சாமி மண்ணை, வீட்டுப் பெண்பிள்ளை முன்னால் வீசுவதென்றால் குலத்தையே வீசுவது. கையை மடக்கவும் முடியாமல் உதறவும் முடியாமல் நின்றார்.  சபீர் எஞ்சினை அணைத்தார்.

“முந்தியப் பிடி” என்றார் கடைசியில்.

சுபத்ரா சேலை முந்தியை இரண்டு கையாலும் ஏந்தியது. அதில் மண்ணை வைத்தார்.

“உங்கப்பனுக்காகக் குடுக்கலத்தா. சாமி கால்ல போகக்கூடாது, அதுக்காகத்தான். போற வழியில புதுத்துணி வாங்கி முடிஞ்சிக்க.”

சுபத்ரா முந்தியை முடிந்து தலைக்குமேல் தூக்கிப் பிடித்தது.  மண்ணைப் பிடித்த கையைக் கீழே இறக்காமலேயே வேனில் ஏறியது.

வேன் பந்தல்குடி ரோட்டில் லாரிகளுக்குள் மறைந்தது. சங்கரபாண்டியன் குழாயடியில் இரண்டு கையையும் நீட்டினார்.

“அடிப்பா.”

அடித்தேன். கரிசல் ரேகைக்குள்ளும் நகக்கண்ணுக்குள்ளும் ஏறினால் லேசில் போகாது. தேய்க்காமல் தண்ணீரை மட்டும் விழவிட்டுக்கொண்டிருந்தார்.

“அவனுக்கு ஆளு அடையாளம் தெரியுதாமா?”

“நான் கேக்கலியே.”

“கேட்டிருக்கலாம்ல” என்றார்.

கையை நீட்டியபடியே நின்றார். நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.