இனிஷியல் இல்லாதவர்கள்

எதிர் ஃபிளாட் சாய்நாத்துக்கு அடையாறு பக்கம் ஓர் இதய மருத்துவமனையில் வேலை. டாக்டர் இல்லை. அங்கே எடுக்கிற ஸ்கேன் படங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக வைத்திருக்கிற பொறுப்பு. பதினாறு கோடி கோப்புகளாம். வீட்டுச் சாவியை மாதம் இரண்டு முறை தொலைத்துவிட்டு எங்கள் சோபாவில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கணக்கைச் சொல்வான்.

கூட வேலை பார்க்கும் லாரன்ஸ் ஒவ்வொரு ஜனவரியும் மொத்தத்தையும் டேப்பில் பேக்கப் எடுப்பான். வாசலில் ஆரம்பித்துக் கொல்லைவரை, ஃபோல்டர் ஃபோல்டராக, ஒரே வரிசையில். பத்தொன்பது நாள் ஆகும். "மாட்டு வண்டி" என்று இவன் கேலி பண்ணுவான்.

போன ஏப்ரலில் பழைய ஸ்டோரேஜிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை இவனிடம் வந்தது. இவன் புத்திசாலி இல்லையா? ஏ-யில் ஆரம்பிக்கிற ஃபோல்டர்கள் ஒரு வரிசை, பி-யில் ஆரம்பிக்கிறவை இன்னொன்று என்று இருபத்தாறு எழுத்துக்கும் இருபத்தாறு வரிசை போட்டு ஒரே நேரத்தில் ஓட்டினான். நாலே நாள். பிழை பூஜ்யம் என்று அறிக்கை வந்தது. பழையதை அழித்தார்கள். மாடிக்கு மாடி மைசூர்பாகு கொடுத்தான். அதை உடைக்கச் சுத்தியல் தேவைப்பட்டது, அது வேறு விஷயம்.

சனிக்கிழமைகளில் குப்பம்மா மீன் கொண்டுவருவாள். எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் மீன் சாப்பிட மாட்டார்கள். மீதிப் பேர் சாப்பிட மாட்டோம் என்று சொல்லிக்கொள்வார்கள். அதனால் மேற்கு மாம்பலத்திலேயே எங்கள் பின் கேட்டுக்குத்தான் வியாபாரம் அதிகம். அன்றைக்கு அவள் குரல் கொடுக்காமல் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கேட்காமல் யார் கேட்பது?

"இன்னாத்த சொல்றது மாமி. எம் பொண்ணு நெஞ்சுல ஓட்ட கீதுல்ல? பெருசாயிருந்தா ஆப்ரேசன், இல்லாங்காட்டி வேணாம்ன்றாரு டாக்டரு. கைக்கொயந்தைல எடுத்த படத்தோட வெச்சுப் பாக்கணுமாம். என்கிட்ட இருந்த சிடி மழைத்தண்ணில பூடுச்சு. ஆஸ்பத்திரில தேடிட்டு, அப்டி ஒரு பேரே இல்லன்றாங்கோ. ஒம்போது வருசமா தூக்கிக்கினு அலையறேன், பேரே இல்லியாம்!"

மேலே பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த சாய்நாத், பிரஷ்ஷோடு இறங்கி வந்தான். அவனுடைய ஆஸ்பத்திரிதான்.

"பேர் என்னன்னு குடுத்தேள்?"

"தேவிகா."

"இனிஷியல்?"

"கெடையாது. அவன் வவுத்துல ஆறு மாசத்துல உட்டுட்டுப் போனவன். அவன் எழுத்து எதுக்கு எம் பொண்ணு தலையில? என் எழுத்தப் போடுன்னேன். அப்பா எழுத்துதாம்மா போடணும், இல்லன்னா கோடுன்னு சொல்லி அங்க இருந்த பொண்ணு ஒரு கோடு இஸ்துச்சு."

நம் ஊரில் இனிஷியல் முன்னால், பெயர் பின்னால். அங்கே ஃபோல்டர்களுக்கும் அதே வழக்கம். இனிஷியல் இல்லாதவர்களின் ஃபோல்டர் கோட்டில் ஆரம்பிக்கும். இருபத்தாறு எழுத்துக்கும் வரிசை போட்டவன் கோட்டுக்குப் போடவில்லை. பிழை பூஜ்யம்தான். அழைத்தவர்கள் அத்தனை பேரும் வந்தாயிற்று என்று எழுதுகிற அறிக்கை, அழைக்காமல் விட்டவர்களைப் பற்றி எப்படிச் சொல்லும்?

சாய்நாத் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான். "தப்பு என்னோடதும்மா. நான்தான் விட்டுட்டேன்."

"மொதல்ல வாயக் கொப்பிளி நைனா" என்றாள் குப்பம்மா.

ஆட்டோ பிடித்தோம். எனக்கென்ன வேலை என்று கேட்காதீர்கள், இடம் இருந்தது. போகிற வழியிலேயே ஃபிளாட் வாட்ஸாப்பில், பின் கேட்டில் விட்டுவந்த மீன் கூடையின் விவரம் எழுதிப் போட்டேன். நான் திரும்பி வந்தபோது ஒரு நெத்திலிகூட மிச்சமில்லை. சாப்பிடாத பாதியும் வாங்கியிருந்தது.

இனி லாரன்ஸின் ஜனவரி டேப் ஒன்றுதான் கதி. அதிலிருந்து எதையும் இதுவரை திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை என்பதை சாய்நாத் என் காதில்தான் சொன்னான். அதை ஏன் என்னிடம் சொன்னானோ, யாரிடமும் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"மச்சி, மாட்டு வண்டி கிளம்புது, வழி விடு" என்றான் லாரன்ஸ். சாய்நாத் சிரிக்கவில்லை. லாரன்ஸும் அப்புறம் கேலி பண்ணவில்லை. அவன் தோளில் கை போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

டேப் சனி மதியம் ஓட ஆரம்பித்தது. சாய்நாத் வீட்டுக்கு வரவே இல்லை. ஞாயிறு காலை அவன் மனைவி அனன்யா கொடுத்தனுப்பிய இட்லியை நான் கொண்டுபோனபோது, அவனும் குப்பம்மாவும் வராந்தா பெஞ்சில் இருந்தார்கள். தேவிகா அவன் மடியில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கால் மரத்துப்போயிற்று என்று முகத்தில் தெரிந்தது. அசையவில்லை.

மாலை நாலரைக்கு லாரன்ஸ் கூப்பிட்டான்.

திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்தது. எட்டு மாதக் குழந்தையின் இதயம்.

"இன்னா நைனா இது, இம்மாத்தூண்டு கீது" என்று குப்பம்மா திரையை விரலால் தொட்டாள். யாரும் தடுக்கவில்லை.

திங்களன்று டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். ஓட்டை வளரவில்லை. இப்போதைக்குக் கத்தி வேண்டாம், வருஷம் ஒரு முறை வந்தால் போதும் என்றார். குப்பம்மா அப்போதுதான் அழுதாள்.

கோட்டில் ஆரம்பித்தவர்கள் மொத்தம் நாற்பத்தோராயிரம் பேர். எல்லாரையும் டேப்பிலிருந்து திரும்பக் கொண்டுவந்தார்கள். ஜனவரிக்கு அப்புறம், ஏப்ரல் மாற்றத்துக்கு முன்னால் பதிந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் எந்த டேப்பும் இல்லை. ஒவ்வொருவரையும் சாய்நாத்தே போனில் அழைத்து, தப்பைச் சொல்லி, இலவசமாக மறுபடி ஸ்கேன் எடுக்க வரச் சொல்கிறான். சுவர் மெல்லிசு, எனக்குக் கேட்கிறது. சிலர் நன்றாகத் திட்டுகிறார்கள்.

அந்தத் திங்களன்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது பதிவு பண்ணும் பெண், "இனிமே தொலையாம இருக்க ஏதாவது ஒரு எழுத்து போட்டுடலாமாம்மா?" என்று கேட்டாள்.

குப்பம்மா வாய் திறப்பதற்குள் சாய்நாத் சொன்னான்: "வேண்டாம். கோடே இருக்கட்டும். அதுக்கும் ஒரு வரிசை போட்டாச்சு."