ஒரே புள்ளியில் இரண்டு விஷம்

வீட்டில் அவளுக்குக் கிருமியம்மா என்று பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் குழாயைப் பார்ப்பாள், பிறகு பிள்ளைகளின் நகத்தைப் பார்ப்பாள், அப்புறம்தான் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பாள். ஆய்வகத்தில் மலப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவளுக்கு வேறு எங்கே புத்தி போகும்? மற்றவர்கள் கேலி செய்தார்கள். தங்கைக்கு மட்டும் அக்கா சொன்னால் அதுதான் சட்டம்.

அந்தத் தங்கையின் ஐந்து வயது மகளுக்குத்தான் வயிற்றுப்போக்கு. ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காத குழந்தை, அதனால் வாலு என்றே கூப்பிடுவார்கள். அந்த வாலு சுருண்டு படுத்துவிட்டது. பக்கத்துத் தெரு டாக்டர் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, பொறுத்துப் பார்க்கலாம் என்றார். பொறுப்பதெல்லாம் கிருமியம்மாவுக்கு ஒத்துவராத காரியம். குழந்தையின் மல மாதிரியை வாங்கிவந்து தானே சோதித்தாள்.

அவளுடைய ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிருமி எந்த வகை என்பதை அது சுமக்கிற விஷ மரபணுவை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். தண்ணீராகப் போகவைக்கிற வகைக்கு ஒரு சோதனை, ரத்தமாகப் போகவைக்கிற வகைக்கு இன்னொன்று. முதல் சோதனையில் ஆள் அகப்பட்டால் இரண்டாவதைச் செய்வதில்லை. "பஸ் கிடைச்சப்புறம் யாராவது ஸ்டாப்புல நிப்பாங்களா?" என்பார் ஆய்வகத் தலைவர். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும்தான்.

முதல் சோதனையிலேயே ஆள் அகப்பட்டது. தண்ணீர் வகை. அவள் உடனே டாக்டருக்குப் போன் போட்டாள்.

"கிருமி கிடைச்சிருச்சு டாக்டர். ஆன்டிபயாடிக் எழுதுங்க, பிள்ளை துவண்டு போய்க் கிடக்கு."

"இந்த வகைதான்னு நிச்சயமா தெரியுமா?"

"நானே பார்த்தேன்."

அவர் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை தங்கை கூப்பிட்டாள். "அக்கா, லேசா ரத்தம் கலந்து போகுது."

"போய்ப் போய்ப் புண்ணாயிருக்கும்டி. மருந்தை நிறுத்தாதே."

சொல்லிவிட்டாளே தவிர, மனசு கேட்கவில்லை. தண்ணீர் வகைக்கு ரத்தம் வராது. இது அவளுக்கு உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரிந்த பாடம். வாலுவின் மாதிரியைத் தடவிக் கிருமி வளர்த்து வைத்திருந்த தட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தாள். அதில் கிருமிகள் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு கிருமி பெருகி உண்டான கூட்டம். ஒட்டாமல் தனித்து நின்ற சிலவற்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சோதனையையும் போட்டாள்.

திரையில் தண்ணீர் வகையின் கோடு ஏறியது. பக்கத்திலேயே ரத்த வகையின் கோடும் ஏறியது. எடுத்த புள்ளிகள் அத்தனையிலும் அப்படியே. சோதனை சரியா என்று பார்க்க வெறும் தண்ணீர் ஊற்றி வைத்த குழாயில் மட்டும் எந்தக் கோடும் ஏறவில்லை.

அவள் தலைவரைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு கிருமி கலந்திருக்கும்மா" என்றார் தலைவர், திரையை எட்டிப் பார்த்து.

"ஒரே புள்ளி சார். எல்லாப் புள்ளியும் இப்படித்தான் இருக்கு."

கிருமிகள் ஒன்றுக்கொன்று மரபணுவைக் கைமாற்றிக்கொள்ளும் என்பது இருவரும் படித்ததுதான். அந்தப் பாவிக் கிருமி ஒரே உடம்பில் இரண்டு விஷத்தையும் வைத்துக்கொண்டு எதிரே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. ரத்த வகைக்கு ஆன்டிபயாடிக் ஆகவே ஆகாது. மருந்து பட்டுச் சாகும்போது உள்ளே இருக்கும் விஷத்தையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் சாகும். அந்த விஷம் சிறுநீரகத்தைப் பிடிக்கும்.

படியிறங்கி ஓடிக்கொண்டே தங்கையைக் கூப்பிட்டாள்.

"மருந்து குடுத்தியா?"

"இப்பதான்க்கா குடுத்தேன். வாயைத் திறக்கவே மாட்டேன்னா. நீ சொன்ன மருந்தாச்சேன்னு மூக்கைப் பிடிச்சு ஊத்தினேன்."

அவள் பாதிப் படியில் நின்றாள்.

"ஒண்ணுக்குப் போனாளா?"

"இன்னிக்குப் போகலையே. ஏன்க்கா?"

"நான் தப்பா சொல்லிட்டேன்டி. அந்த மருந்து குடுத்திருக்கவே கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு. நான் நேரா அங்கே வந்துடறேன்."

அவசரப் பிரிவில் குழந்தையின் முகம் ஊதி, உதடு வெளுத்திருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "சிறுநீரகம் வேலை செய்யலை. உடனே டயாலிசிஸ் ஆரம்பிக்கணும். கழுத்துல குழாய் போடணும். அம்மா சம்மதம் வேணும்."

கிருமியம்மா கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். தங்கை திட்டட்டும், கன்னத்தில் அறையட்டும் என்று காத்திருந்தாள். அது நடந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

தங்கை டாக்டரைப் பார்க்கவேயில்லை. அழுத முகத்தோடு இவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, போடச் சொல்லட்டுமா? நீ சொல்லு."