பின் சக்கரத்தின் வருஷம்

14-11-1969, வெள்ளி. குடவாசல்.

நேற்று எழுதியதில் ஒரு பிழை. ‘பக்கிரியிடம் பிடித்த சைக்கிள் 1952ஆம் வருஷத்து வண்டி’ என்று எழுதியிருந்தேன். பின் சக்கரம் 1952ஆம் வருஷத்தது என்றுதான் எழுதியிருக்க வேண்டும். டயரியில் அடித்துத் திருத்திவிட்டேன். ஸ்டேஷன் ஏட்டிடம் சொன்னதைத் திருத்தவில்லை.

குறுவை அறுப்பில் கூலி கேட்டு நின்ற ஆட்களில் பக்கிரியும் ஒருவர். சங்கக் கொடி பிடிப்பவர். அப்போது நடந்த கலவரத்தில் தன் சீமை சைக்கிள் களவு போயிற்று, அதைத்தான் பக்கிரி ஓட்டுகிறான் என்று பண்ணையார் புகார் கொடுத்தார். அவர் வண்டி 1952இல் வாங்கியது. பக்கிரியோ, இது யுத்தத்துக்கு முந்திய வண்டி, நாகப்பட்டினத்தில் ஒரு பினாங்குக்காரரிடம் வாங்கியது என்றார். கம்பெனி ஒன்று, மாடல் ஒன்று, பச்சை நிறமும் ஒன்று. வருஷம்தான் வழக்கு.

நேற்று ஏட்டு வண்டியை நான் வேலை பார்க்கும் சைக்கிள் கடைக்கு உருட்டி வந்து, “எந்த வருஷம்னு பாத்துச் சொல்லுடா வேம்பு” என்றார்.

வரிசையாகத்தான் பார்த்தேன். ஹாண்டில்பார், பிரேக் கம்பி, செயின் பெட்டி. பின் சக்கரத்து அச்சுக் குடத்தை (ஹப்) துடைத்ததும், செய்த வருஷமாக அடித்திருந்த 52 தெரிந்தது. சீட்டுக்கு அடியில் பிரேமில் அடித்திருக்கும் நம்பரைப் பார்க்கவில்லை. யுத்தத்துக்கு முந்திய நம்பரா பிந்தியதா என்பது அதில் தெரிந்துவிடும். ஆனால் அதன்மேல் ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் அப்பிக் காய்ந்திருந்தன. சுரண்டக் கை வரவில்லை. மாலை டைப் வகுப்பில் சாமி இல்லை என்று வாதாடுகிறவன் நான்.

“அம்பத்திரண்டுங்க” என்றேன். வண்டி பண்ணைக்குப் போயிற்று. பக்கிரி லாக்கப்புக்குப் போனார்.

இன்று மழையில் அவர் மனைவி அம்சம் கடைக்கு வந்தார்.

“தம்பி, அந்தப் பின் சக்கரம் இங்க மாட்டுனதுதானே? போன வருஷம் நீங்க இங்க சேர்றதுக்கு முன்னாடி மதகுல விழுந்து நசுங்கிப்போயி, ஒங்க மொதலாளிதான் பழசு ஒண்ணு போட்டுக் குடுத்தாரு. கேட்டுப் பாருங்க.”

முதலாளி துரைக்கண்ணு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“கேக்க வேணாம், மூஞ்சியிலயே தெரியுது” என்றார் அம்சம். “எங்க வீட்டுக் கதவுகூடப் பண்ணையாரு தோப்புப் பூவரசுதான். வீட்டையும் சேத்துத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க.”

அவர் போனபின் முதலாளியிடம் கேட்டேன். “நேத்து பக்கத்துலதானே நின்னீங்க?”

“ஏட்டு ஒன்னத்தானடா கேட்டாரு.” டியூபைத் தண்ணீரில் அமுக்கினார். “இந்தக் கடை யாரு மனையில நிக்குதுன்னு தெரியுமில்ல? நீ டைப்பு படிச்சுட்டு எங்கயாவது போயிருவ. நான் எங்கடா போவேன்?”

டைப் வகுப்புக்குக் கிளம்பினேன்.

வகுப்பில் பண்ணைக் கணக்கர் மகன் சொன்னான், அந்தச் சைக்கிளை ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் அடிக்கக் கும்பகோணம் அனுப்புகிறார்களாம். பழைய பெயின்டை அரத்தால் ராவினால் நம்பரும் போய்விடும். அதன்பின் தட்டச்சில் ஒரு வரிகூடப் பிழையில்லாமல் வரவில்லை.

சுரண்டிப் பார்த்தும் யுத்தத்துக்குப் பிந்திய நம்பரே வந்தால்? வரலாம். பக்கிரி பொய் சொல்லியிருக்கலாம். நான் பார்க்காமல் சொன்னேன் என்பது மட்டும் நிச்சயம்.

நாளை: கடை திறக்குமுன் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். நம்பரைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்று ஏட்டிடம் சொல்ல வேண்டும். அவரோடு பண்ணைக்குப் போய், சீட்டுக்கு அடியில் சுரண்டிப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயும் கந்தைத் துணியும் பையில் வைத்துவிட்டேன்.