நிறைமாசத்து ஆறு

வெங்காயக்காரியின் மனு மூன்றாம் தடவையும் திரும்பி வந்தது. கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் கேட்டால், கரண்டு ஆபீசில் ‘படத்தில் இடம் ஆற்றுக்குள் இருக்கிறது’ என்று எழுதி அனுப்புகிறார்கள். இந்த வாரத்துக்குள் தண்ணீர் பாயாவிட்டால் நாற்று கருகிவிடும். கிணற்றிலிருந்து சுமந்து ஊற்றியே அவளுக்குத் தோள்பட்டை கழன்றுபோயிருந்தது.

நேரே நில அளவை ஆபீசுக்குப் போனாள். படம் வரைகிறவர் மேசை கொள்ளாத தாளை விரித்து, வயல்களுக்குப் பச்சை தீட்டிக்கொண்டிருந்தார்.

“என் வயலைக் காட்டுங்கண்ணே.”

அவர் தூரிகைக் காம்பால் தொட்டுக் காட்டினார். கொழுத்த நீலம்.

“இதுலயா நான் களை எடுக்கிறேன்? எனக்கு நீச்சலே தெரியாதே!”

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவருக்குக் காது சிவந்தது. “அளந்தது அளந்ததுதாம்மா. நானே கரைக்குக் கரை நாடா பிடிச்சேன்.”

“எந்த மாசம்?”

அளவுப் புத்தகத்தைப் புரட்டி, தேதியை விரலால் தொட்டார். வெள்ளம் வந்த மாசம்.

“நிறைமாசத்துல அளவெடுத்துட்டு, காலத்துக்கும் இதான் உன் இடுப்புன்னு சொன்னா எப்படிண்ணே?”

“நேர்ல பாக்காம கோட்டை மாத்த முடியாது.”

“அப்ப கிளம்புங்க.”

சாயப்பெட்டியும் படமுமாக அவரை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனாள். படத்தில் நடு ஆறாக இருந்த இடத்தில் அவர் செருப்பு புழுதியில் புதைந்தது. நாடாவின் மறுமுனையை அவளே பிடித்தாள். தண்ணீர் எண்பது அடி தள்ளி, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வரப்பில் பலகை போட்டு உட்கார்ந்து, நீலத்தைச் சுரண்டி எடுத்தார். ஓடுகிற தண்ணீருக்கு முழுக்கோடு போட்டார். அவள் வயலின் மேல் ஓரத்தில் புள்ளி புள்ளியாக இன்னொன்று.

“அது எதுக்கு?”

“வெள்ளம் அதுவரை வந்தது நிஜம்தானே?”

“வந்துச்சு, மூணு நாள் இருந்துட்டுப் போச்சு. விருந்தாளிக்கு வீட்டையே எழுதி வைப்பாங்களா?”

“புள்ளின்னா வந்து போனதுன்னுதாம்மா அர்த்தம். உள்ள பச்சைதான் அடிக்கிறேன். மோட்டாரை மட்டும் மேட்டுல வை.”

அது நியாயமாகத்தான் பட்டது. “சரி, நல்லா அழுத்தி அடிங்க. கஞ்சத்தனம் பண்ணாதீங்க.”

அவர் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் மொபெட்டை உதைத்துவிட்டாள். “ஏறுங்கண்ணே, அஞ்சு மணிக்குக் கரண்டு ஆபீசைப் பூட்டிடுவாங்க.”

ஈரப்படத்தைக் காற்றில் விரித்துப் பிடித்தபடி அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். கரண்டு ஆபீஸ் எழுத்தர் நம்பாமல் வயல்மேல் விரலை வைத்துப் பார்த்தார். விரலெல்லாம் பச்சை. அந்தக் கையாலேயே மனுவில் முத்திரை குத்தினார். நாளைக் காலையில் ஆள் வருவான் என்றார்.