ஆமையின் பை

அலமாரியிலிருந்து வெள்ளைச் சட்டை எடுக்க வந்தவள், கம்ப்யூட்டர் முன்னால் கொழுந்தன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். தலையில் ஹெட்போன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கூடத்தில் இவன் அண்ணன் கிடக்கிறார். இவன் இங்கே அவருடைய கேமைத் திறந்துவைத்துக்கொண்டு ஓநாய் வெட்டிக்கொண்டிருக்கிறான்.

"என்ன பண்றே?"

ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டான். "டீம் மொத்தமும் வந்திருக்கு அண்ணி. இன்னும் துளிதான் பாக்கி. அண்ணன் கடைசி லெவலைத் தொட்டுட்டுப் போகட்டும்னு எல்லாரும் ஆசைப்பட்டாங்க."

திரையின் அடியில் மஞ்சள் கோடு கிட்டத்தட்ட விளிம்பு வரை நிறைந்திருந்தது. ஒவ்வொரு ஓநாய் விழும்போதும் கொஞ்சம் நீண்டது. அது முழுசாக நிறைந்தால் ஒரு லெவல் ஏறும். ஏறி ஏறிக் கடைசி லெவலுக்கு வந்துவிட்டால் அப்புறம் ஏற ஒன்றுமில்லை. வாராவாரம் டீமாகக் கூடி, அதே கோட்டைக்குள் போய், அதே அரக்கனை அடித்து, போன வாரத்தைவிட நல்ல கவசமாகக் கிடைக்குமா என்று பார்ப்பார்கள். அந்த டீமுக்கு அவள்தான் கேப்டன். பகலெல்லாம் டாக்ஸி ஆபீஸில் போன் பிடித்து டிரைவர்களை விரட்டுகிறவளுக்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கேமில் மற்றவர்கள் சில வாரங்களில் ஓடிக் கடந்த தூரத்தை வருஷக்கணக்கில் நடந்தவர். வழியில் ஆறு தெரிந்தால் தூண்டில் போட்டுவிடுவார். வழி தெரியாமல் முழிக்கிற புது ஆள் எவனாவது கிடைத்தால் கூடவே நடந்து ஊர் வரைக்கும் கொண்டுபோய் விடுவார். டீமில் அவருக்கு ஆமை என்று பெயர் வைத்தார்கள். கோபப்படுவார் என்று பார்த்தால், மனுஷன் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"சீக்கிரம் கடைசி லெவலுக்கு வாங்களேன். அங்கதான் கேமே ஆரம்பிக்குது" என்று அவள் நச்சரிக்காத நாளில்லை.

"அப்போ இத்தனை வருஷமா நான் விளையாடினது என்ன, ட்ரெய்லரா? நாள் பூரா மேல ஏறி இறங்கிட்டு வரேன். வீட்டுக்கு வந்தும் ஏறணுமா?"

நேற்று காலை வேலைக்குக் கிளம்பி, ஷூ லேஸ் கட்ட வாசலில் குனிந்தவர் நிமிரவே இல்லை.

அவள் திரைக்குப் பக்கத்தில் வந்தாள். கேமில் அவருடைய ஆள், அந்த ஆமை, பளபளவென்று இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.

"அவர் சட்டை எங்கே?"

"எந்தச் சட்டை?"

"பையைத் திற."

திறந்தான். பையில் மருந்துப் புட்டிகளும் இன்னொரு கத்தியும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

"எல்லாம் குப்பை அண்ணி. காளான், முயல் தோல்னு அடைச்சு வச்சிருந்தார். கவசம் வைக்க இடமே இல்ல. கடையில தள்ளிட்டேன்."

அவளுக்கு நேற்றிலிருந்து வராத கோபமெல்லாம் சேர்ந்து வந்தது.

"எழுந்திரு."

"அண்ணி, நான் நல்லதுக்குத்தான்..."

"எழுந்திருன்னு சொன்னேன்."

எழுந்தவன் கேமை மூடக் கை நீட்டினான். கையைத் தட்டிவிட்டாள். கடைசியாக விற்ற சாமான்களைக் கேமில் இருக்கிற கடைக்காரன் வைத்திருப்பான், கேட்டால் திருப்பித் தருவான். ஆனால் கேமை ஒருமுறை மூடினால் அத்தனையும் போச்சு.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அத்தையின் குரல் கூடத்திலிருந்து வந்தது. "சட்டை கிடைச்சுதாம்மா? வண்டி வந்துடுச்சு."

"வரேன் அத்தை. வண்டி கொஞ்சம் நிக்கட்டும்."

"அண்ணி, வெளியில ஆளுங்க இருக்காங்க. என்ன நினைப்பாங்க?" என்றான் கொழுந்தன் தாழ்ந்த குரலில்.

"என்ன வேணா நினைச்சுக்கட்டும். என் புருஷன் சாமான் இது."

ஹெட்போனை மாட்டினாள். ஒரு குரல் கெஞ்சியது. "கேப்டன், ஒரே ஒரு ஓநாய்தான் பாக்கி. ஆமைக்கு நம்ம டீமோட மரியாதை."

"அந்த மரியாதையை நீங்களே வச்சுக்குங்க. அவர் எங்கேயும் பின்தங்கி நிக்கலை. பிடிச்ச இடத்துல நின்னார். எல்லாரும் கோட்டைக்குத் திரும்புங்க. சனிக்கிழமை வரேன். அன்னிக்கு இருக்கு உங்களுக்கு."

ஒவ்வொருவராகத் திரையிலிருந்து மறைந்தார்கள். இப்போதும் அவளுக்குக் கோட்டைதான் உசத்தி. அதற்காக அவரை அங்கே இழுத்துக்கொண்டு போக யாருக்கும் உரிமை கிடையாது, அவளுக்கே கிடையாது.

ஊர் வாசலில் இருந்த கடைக்காரனிடம் ஆமையை நடத்திப் போனாள். தூண்டில், காளான், முயல் தோல். எந்தக் கதவுக்கு என்றே தெரியாத துருப்பிடித்த சாவி. வருஷக்கணக்காக வழியில் பார்த்த கதவிலெல்லாம் அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் முதல் நாள் கேமே கொடுத்த கிழிசல் சட்டை. ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினாள். கவசத்தைக் கழற்றிக் கடையில் போட்டுவிட்டுச் சட்டையை மாட்டினாள்.

"முடிக்காமலே போயிட்டாரே அண்ணி" என்று கொழுந்தன் விசும்பினான்.

"முடிக்கலைன்னு யார் சொன்னது? உனக்குத்தான் அது பாதி. அவருக்கு அதுதான் முழுசு."

ஆற்றுக்குப் போகிற பாதையில் ஒரு காட்டுப்பன்றி மறித்தது. ஒரே அடி அடித்தால் செத்துவிடும். கோடும் நிறைந்துவிடும். அவள் விரல் கத்திக்கு உரிய பொத்தான்மேல் போய் நின்றது. பிறகு ஆமையைத் திருப்பி ஓட விட்டாள். கிழிசல் சட்டையோடு ஆமை தலைதெறிக்க ஓடியது, பன்றி துரத்தியது. இவ்வளவு பெரிய லெவலில் இருந்துகொண்டு இத்தனூண்டு பன்றிக்குப் பயந்து ஓடுகிற ஒரே ஆள் அவர்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொழுந்தனும் அழுகையோடு சிரித்தான். பாதி வழியில் பன்றி சலித்துப்போய்த் திரும்பிவிட்டது.

கரையில் ஆமையை நிறுத்தித் தூண்டிலைப் போட்டாள். கம்ப்யூட்டரை அணைக்காமல் எழுந்தாள்.

அலமாரியில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மேலாகவே இருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய யூனிஃபார்ம் சட்டையை எடுத்தாள். காலரில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது.

கூடத்தில் அத்தை தன் மகனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். சட்டையைப் பார்த்தார்.

"வெள்ளைச் சட்டை கிடைக்கலையா?"

"கிடைச்சுது."

அத்தை கை நீட்டிச் சட்டையை வாங்கினார். உதறும்போது பாக்கெட்டிலிருந்து கரண்ட் பார்க்கிற டெஸ்டர் தரையில் விழுந்து உருண்டது. யாரோ எடுத்து ஜன்னலில் வைக்கப் போனார்கள். அத்தை அதை வாங்கித் துடைத்து, திரும்பப் பாக்கெட்டிலேயே போட்டார்.

"அவன் கையைத் தூக்கிப் பிடிம்மா" என்றார்.